கொடிகளின் வரிசையும் மறுக்கப்பட்ட பெஞ்சும்

உலக ஊழிய வாரம் வரும்போது அமெரிக்காவின் பல புராட்டஸ்டண்ட் திருச்சபைகளில் ஒரு வழக்கத்தைப் பார்க்கலாம். ஆலயத்தின் மாடி விளிம்பிலோ, பீடத்தின் இருபுறமோ, வாசலிலோ பல நாடுகளின் தேசியக் கொடிகளை வரிசையாகக் கட்டுவார்கள். சில சபைகளில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு கொடியை ஏந்தி ஊர்வலமாக வருவார்கள். எங்கள் சபை அனுப்பிய ஊழியர்கள் இத்தனை நாடுகளில் இருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். இந்தியாவின் மூவர்ணக் கொடியும் இலங்கையின் சிங்கக் கொடியும் அப்படிப்பட்ட வரிசைகளில் இடம்பெறுகின்றன.

இந்த வழக்கத்தைக் கேலி செய்ய நாம் இதை எழுதவில்லை. எட்டுத் திசைக்கும் ஆட்களை அனுப்பிய ஒரு சபை அதை நினைத்துப் பெருமைப்படுவது இயல்பு. அப்படி வந்தவர்கள் திறந்த பள்ளிகளில்தான் நம் பாட்டன்மார் பலர் முதன்முதலில் எழுத்தைத் தொட்டார்கள். அதை மறந்துவிட்டு வரலாறு பேச முடியாது.

ஆனால் ஒரு கொடி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 'இந்த நாட்டுக்குப் போனோம்' என்று கொடி சொல்லும். போன இடத்தில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைத்தோம், யார் சமைத்ததை யார் சாப்பிட்டார்கள், யார் பெண்ணை யார் மணந்தார்கள் என்று அது சொல்லாது. அனுப்பிய ஊரிலேயே அந்த மூன்றும் எப்படி இருந்தன என்றும் சொல்லாது. சாதியை அறிந்த நமக்கு அந்த மூன்றும்தான் முக்கியம். ஆகவே கொடிகளை விட்டுவிட்டு இருக்கை, சோறு, மணம் ஆகியவற்றின் வழியாக இந்த வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்ப்போம். இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் ஊர் பாஸ்டன். அமெரிக்காவிலிருந்து அயல்நாடுகளுக்கு ஊழியர்களை அனுப்பிய முதல் பெரிய சங்கத்தின் தலைமையிடம் அதுதான். யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் வந்த அமெரிக்க மிஷனும் அங்கிருந்து புறப்பட்டதே.

கோபுரமும் கப்பலும்

பாஸ்டன் நகரின் நடுவில், பொதுப் பூங்காவின் மூலையில், 217 அடி உயரக் கோபுரத்தோடு பார்க் ஸ்ட்ரீட் சபை நிற்கிறது. 1809-ல் தொடங்கப்பட்ட சபை அது. கடலிலிருந்து ஊருக்குள் வருகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் முதலில் தெரிந்த அடையாளங்களில் அந்தக் கோபுரமும் ஒன்று. இன்றும் அமெரிக்கச் சுதந்திர வரலாற்றைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் நடக்கும் பாதையில் அது ஒரு நிறுத்தம்.

அந்தச் சபை பிறந்த மறு ஆண்டு, 1810-ல், அமெரிக்கன் போர்டு என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அயல்நாட்டு மிஷன் சங்கம் உருவானது. 1812 பிப்ரவரியில் பாஸ்டனுக்கு அருகிலுள்ள சேலம் நகரில் அதன் முதல் ஊழியர்களுக்குக் குருப்பட்டம் கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் முதலில் வந்து இறங்கிய ஊர் கல்கத்தா. கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களைத் தங்கவிடவில்லை. சிலர் சுற்றி அலைந்து 1813-ல் பம்பாயில் காலூன்றினார்கள். 1816-ல் வேறு சிலர் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கினார்கள். அங்கிருந்து 1834-ல் மதுரைக்குக் கிளை வந்தது.

பார்க் ஸ்ட்ரீட் சபை இந்த முயற்சிக்கு நெருங்கிய துணையாக இருந்தது. 1819 அக்டோபரில் ஹவாய்த் தீவுகளுக்குப் புறப்பட்ட மிஷன் குழு அந்த ஆலயத்தில்தான் ஒரு சபையாக அமைக்கப்பட்டது. சில நாட்களில் அந்தக் குழு ததேயுஸ் என்ற கப்பலில் ஏறியது. 20-ஆம் நூற்றாண்டிலும் உலக ஊழிய மாநாடுகளுக்குப் பெயர்பெற்ற சபையாகவே அது இருந்தது.

பாஸ்டன் சபையின் பெருமை மிஷனோடு நிற்கவில்லை. 1829 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர நாள். வில்லியம் லாயிட் காரிசன் என்ற 23 வயது இளைஞர் அந்த ஆலயத்தின் மேடையில் ஏறி அடிமைமுறைக்கு எதிராகப் பேசினார். அப்போது அவர் படிப்படியான விடுதலையைத்தான் ஆதரித்தார். உடனடி விடுதலை என்ற நிலைக்குச் சற்றுப் பின்னால்தான் வந்தார். ஆனாலும் அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்தின் வரலாற்றை எழுதும் எவரும் அந்த உரையைக் குறிப்பிடாமல் போவதில்லை. சபையும் அதைப் பெருமையோடு நினைவுகூர்கிறது.

இவ்வளவும் உண்மை. அடுத்த ஆண்டு நடந்ததும் உண்மை.

பிரின்ஸ்லியின் பெஞ்சு

அந்தக் காலத்து நியூ இங்கிலாந்து ஆலயங்களில் பெஞ்சு என்பது சொத்து. குடும்பங்கள் பெஞ்சைப் பத்திரம் எழுதி வாங்கும், விற்கும், வாரிசுக்குக் கொடுக்கும். நடுப்பாதையில் முன்வரிசையில் பெஞ்சு வைத்திருப்பது ஊரில் ஒருவருடைய தகுதியைக் காட்டியது. கறுப்பின மக்களுக்குப் பெரும்பாலும் மேல்மாடத்தின் மூலையில் தனி இடம். சட்டம் போட்டு ஒதுக்கியதில்லை, வழக்கம் ஒதுக்கியது. ஊர்த்தெருவும் சேரியும் எப்படிப் பிரிந்தன என்று அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஃபிரெடரிக் பிரின்ஸ்லி பாஸ்டனில் வாழ்ந்த கறுப்பினத்தவர். அடிமை அல்லர், சுதந்திரமான குடிமகன். 1830-ல், தமக்கு வர வேண்டிய ஒரு கடனுக்கு ஈடாக, பார்க் ஸ்ட்ரீட் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெஞ்சு அவர் கைக்கு வந்தது. அது இப்போது அவருடைய சொத்து. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் அதில் உட்கார்ந்தார். ஜெபிக்க வந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சபைப் பொறுப்பாளர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தப் பெஞ்சில் இனி உட்காரக் கூடாது, மீறினால் விளைவுக்கு நீரே பொறுப்பு என்பது கடிதத்தின் சாரம். மீண்டும் வந்தபோது அவரைத் தடுக்க வாசலில் காவலர் இருந்தார்.

காரிசன் பேசி முழுதாக ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. அடிமைமுறை பாவம் என்று முழங்கிய அதே சுவர்களுக்குள், அடிமையல்லாத ஒரு மனிதர் தம் சொந்தப் பெஞ்சில் உட்கார முடியவில்லை. தென்மாநிலங்களில் அடிமைப்பட்டுக் கிடந்தவருக்காக இரங்க முடிந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரைத் தாங்க முடியவில்லை. தூரத்தில் இருப்பவரிடம் அன்பு காட்டுவது எளிது, அருகில் வருபவரோடு சமமாக இருப்பதுதான் கடினம். சாதியொழிப்பு பேசும் மேடைகளில் நாமும் இதைப் பார்த்திருக்கிறோம்.

1831 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் புகழ்பெற்ற தேசபக்திப் பாடல் ஒன்றை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் முதன்முதலாகப் பாடியதும் இதே ஆலயத்தில்தான். சுதந்திரத்தைப் போற்றும் பாடல் அது. அப்போது பிரின்ஸ்லியின் பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பாட்டு வரலாறுகள் எழுதுவதில்லை.

எல்லோரும் ஒரே மாதிரி இருந்துவிடவில்லை. பாஸ்டனில் பியானோ செய்து விற்ற டிமத்தி கில்பர்ட் என்ற வெள்ளையர், சார்லஸ் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் ஆலயத்தில் தம் பெஞ்சுக்குக் கறுப்பின நண்பர்களை அழைத்து உட்கார வைத்தார். சபை அவரை வெளியேற்றியது. அவர் சும்மா இருக்கவில்லை. தம்மைப் போன்றவர்களைச் சேர்த்து 1839-ல் புதிய சபை ஒன்றைத் தொடங்கினார். பெஞ்சை விற்கவும் மாட்டோம், வாடகைக்கு விடவும் மாட்டோம், யார் வேண்டுமானாலும் எங்கும் உட்காரலாம் என்பது அந்தச் சபையின் அடிப்படை. டிரெமான்ட் டெம்பிள் என்று இன்றும் அது இருக்கிறது, பார்க் ஸ்ட்ரீட் சபையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்.

கறுப்பின மக்களும் பிறர் பெஞ்சுக்காகக் காத்திருக்கவில்லை. 1806-லேயே அவர்கள் தங்களுக்கென்று ஆப்பிரிக்கன் மீட்டிங் ஹவுஸ் என்ற ஆலயத்தைக் கட்டியிருந்தார்கள். 1832-ல் நியூ இங்கிலாந்து அடிமை ஒழிப்புச் சங்கம் அங்கேதான் பிறந்தது. 1829-ல், காரிசன் பேசிய அதே ஆண்டில், பாஸ்டனில் பழைய துணி விற்ற கறுப்பினத்தவரான டேவிட் வாக்கர் தம் புகழ்பெற்ற அறைகூவலை அச்சிட்டு வெளியிட்டார். கிறிஸ்தவ நாடு என்று சொல்லிக்கொள்ளும் அமெரிக்காவின் இரட்டை வேடத்தை அவர் அளவுக்கு அன்று யாரும் உரித்துக் காட்டவில்லை. விடுதலை வரலாற்றில் வெள்ளையரின் மேடைப் பேச்சு முதல் வரியிலும் ஒடுக்கப்பட்டவரின் சொந்த எழுத்து அடிக்குறிப்பிலும் போய்விடுவது எப்படி என்பதற்கு இந்த ஒரே ஆண்டு போதும்.

ஒரு பள்ளி, இரண்டு திருமணங்கள்

இருக்கையை விட்டு மணத்துக்கு வருவோம். 1817-ல் கனெக்டிகட் மாநிலத்தின் கார்ன்வால் என்ற சிற்றூரில் அமெரிக்கன் போர்டு ஒரு பள்ளி திறந்தது. பெயரே அயல்நாட்டு மிஷன் பள்ளி. ஹவாய்த் தீவினர், செரோக்கி, சோக்டா முதலிய பூர்வகுடியினர், ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று பல இனத்து இளைஞர்கள் ஒரே கூரையின் கீழ் படித்தார்கள். பயிற்சி முடித்து அவரவர் மக்களிடம் திரும்பிப் போய் ஊழியம் செய்ய வேண்டும் என்பது திட்டம். இன்று கொடிகளால் காட்டப்படுவதை அந்தப் பள்ளி உயிருள்ள மனிதர்களாகவே காட்டியது. ஊரும் பெருமைப்பட்டது, நன்கொடைகளும் வந்தன.

1824-ல் ஜான் ரிட்ஜ் என்ற செரோக்கி மாணவர் உள்ளூர் வெள்ளைப் பெண்ணான சாரா நார்த்ரப்பை மணந்தார். ஊர் கொதித்தது. அடுத்து எலையாஸ் பூடினாட் என்ற இன்னொரு செரோக்கி மாணவரும் ஹேரியட் கோல்டு என்ற பெண்ணும் மணம் செய்ய முடிவெடுத்தார்கள். ஊர்ப் பொதுவெளியில் அவர்களுடைய கொடும்பாவிகளை எரித்தார்கள். தீ வைத்தவர் ஹேரியட்டின் சொந்த அண்ணன். 1826-ல் அவர்கள் மணந்தார்கள். அந்த ஆண்டே பள்ளி மூடப்பட்டது.

பையன்கள் படிக்கலாம், ஜெபிக்கலாம், மேடையில் நின்று சாட்சி சொல்லலாம், அவர்களைக் காட்டி நன்கொடை திரட்டலாம். மாப்பிள்ளையாக மட்டும் வரக் கூடாது. பூடினாட் படிக்காதவர் அல்லர். இரண்டு ஆண்டுகளில் அவர் செரோக்கி மக்களின் முதல் செய்தித்தாளின் ஆசிரியரானார்.

1916-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த அண்ணல் அம்பேத்கர் சாதி பற்றிய தம் முதல் ஆய்வுரையை வாசித்தார். அகமணமே சாதியின் உயிர்நாடி என்பது அவர் கண்ட முடிவு. கார்ன்வால் இருக்கும் கனெக்டிகட் நியூயார்க்குக்குப் பக்கத்து மாநிலம். அவர் இந்தியச் சாதியைப் பற்றித்தான் பேசினார். ஆனால் அகமணத்தை மீறினால் அண்ணனே தங்கையின் கொடும்பாவிக்குத் தீ வைப்பான் என்ற உண்மையை அந்த மண் 90 ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தது. தருமபுரியையும் உடுமலையையும் பார்த்த நமக்கு அந்தத் தீ அந்நியமானதன்று.

இறக்கப்பட்ட கொடி

கொடிகளின் வரிசையில் இன்னொரு சிக்கல் உண்டு. அரசு இருக்கும் நாட்டுக்குத்தான் கொடி கிடைக்கும். செரோக்கிகளிடையே அமெரிக்கன் போர்டு ஊழியம் செய்தது. அவர்களை நிலத்திலிருந்து விரட்டும் திட்டத்தை எதிர்த்து அதன் மிஷனரி சாமுவேல் வூஸ்டர் ஜார்ஜியா மாநிலச் சிறைக்கும் போனார். 1832-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டில் இருக்க, 1838-ல் செரோக்கி மக்கள் ஆயிரக்கணக்கில் விரட்டப்பட்டார்கள், வழியில் மடிந்தார்கள். வூஸ்டரை நாம் மதிக்கிறோம். ஆனால் நாடுகளின் கொடிகளை மட்டும் எண்ணும் வரிசையில் அந்த மக்களுக்கு ஓர் இடம் தானாக வராது.

ஹவாயின் கதை இன்னும் கசப்பானது. அதற்குக் கொடி இருந்தது. 1819-ல் பாஸ்டனிலிருந்து போனவர்கள் அங்கே ஹவாய் மொழியை எழுத்தில் கொண்டுவந்தார்கள், பள்ளி திறந்தார்கள், அச்சகம் வைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிலமும் வணிகமும் அதிகாரமும் பெற்றார்கள். 1893 ஜனவரியில் அரசி லிலியுகலானியின் ஆட்சியைக் கவிழ்த்த கூட்டத்தின் முன்னணியில் நின்ற லாரின் தர்ஸ்டன், ததேயுஸ் கப்பலில் வந்த மிஷனரி ஆசா தர்ஸ்டனின் பேரன். கவிழ்ப்புக்குப் பின் ஆட்சித் தலைவரான சான்ஃபோர்டு டோலும் மிஷனரி வீட்டுப் பிள்ளை. அமெரிக்காவோடு இணைப்பதை எதிர்த்து 1897-ல் 21,000-க்கும் மேற்பட்ட ஹவாய் மக்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். கையெழுத்துப் போட அவர்களுக்குக் கற்றுத் தந்தது மிஷன் பள்ளி. அந்தக் கையெழுத்தை மதிக்காமல் போனவர்களில் மிஷன் வாரிசுகளும் இருந்தார்கள். 1898 ஆகஸ்ட் 12 அன்று ஹொனலூலு அரண்மனையில் ஹவாய்க் கொடி இறக்கப்பட்டு அமெரிக்கக் கொடி ஏற்றப்பட்டது.

அமெரிக்கன் போர்டின் வழிவந்த யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் 1993-ல் ஹவாய் மக்களிடம் இதற்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றமும் மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. நூறாண்டு ஆயிற்று என்றாலும் கேட்டார்கள். இதை நாம் மனதில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள்

இனிச் சோற்றுக்கு வருவோம். நம் மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய இரண்டு ஆண்டுகள் 1845, 1847.

செரோக்கி, சோக்டா மக்களில் வசதி படைத்த சிலர் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள். அவர்களில் சிலர் மிஷன் சபைகளில் உறுப்பினர்கள். அடிமை வைத்திருப்பவரைச் சபையில் சேர்க்கலாமா என்ற கேள்வியை அடிமை ஒழிப்பாளர்கள் எழுப்பினார்கள். 1845-ல் அமெரிக்கன் போர்டு தன் ஆண்டுக் கூட்டத்தில் இதை விவாதித்தது. அடிமைமுறை தீயது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ஒருவர் அடிமை வைத்திருக்கிறார் என்பதற்காக மட்டும் அவரைச் சபையிலிருந்து விலக்க முடியாது என்று முடிவெடுத்தது. சமூகத்தில் வேரோடிய வழக்கத்தை ஒரே நாளில் தனிமனிதர் மீது சுமத்தக் கூடாது, நற்செய்தி மெல்ல மெல்ல மாற்றும் என்பது அதன் வாதம். இதை ஏற்காதவர்கள் பிரிந்து போய் 1846-ல் அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் என்ற வேறு சங்கத்தை அமைத்தார்கள்.

1847-ல் அதே போர்டின் மதுரை மிஷன் வேறொரு முடிவெடுத்தது. சாதி வைத்துக்கொண்டு சபையில் இருக்க முடியாது. உபதேசியாரும் சபையாரும் சாதியை விட்டதற்கு அடையாளமாக, தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர் சமைத்த உணவைச் சேர்ந்து உண்ண வேண்டும். வாயால் சொன்னால் போதாது, கையை நனைத்துக் காட்ட வேண்டும். உபதேசியார் பலர் மறுத்தார்கள். சம்பளத்தையும் பதவியையும் சபையையும் இழக்கத் துணிந்தார்கள், அந்த ஒரு கவளத்தை உண்ணத் துணியவில்லை. மிஷன் பின்வாங்காமல் அவர்களை நீக்கியது. பின்னர் ஒரு பகுதியினர் இணங்கித் திரும்பினார்கள்.

பாஸ்டனில் இருந்த போர்டு அடிமை உடைமையாளரிடம் பொறுமை காட்டியது. மதுரையில் இருந்த அதன் ஊழியர்கள் சாதிக்காரரிடம் உறுதி காட்டினார்கள். நமக்கு இதிலிருந்து என்ன தெரிகிறது? பிறர் ஊரின் பாவம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது, தன் ஊரின் பாவத்துக்கு எப்போதும் கால அவகாசம் கேட்கிறோம் என்பது ஒன்று. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் நாம் மதுரை மிஷனுக்கு அநீதி செய்தவர்களாவோம். தலித் சமைத்த சோற்றை உண்ணாதவருக்குச் சபையில் பதவி இல்லை என்று 1847-ல் சொல்வது சிறிய செயல் அன்று. 'மெல்ல மெல்ல மாறும்' என்ற வாதம் தவறு, நிறுவனம் உறுதியாக நின்றால் ஒரே ஆண்டில் நெருக்கடியை உண்டாக்க முடியும் என்று அவர்கள் செய்து காட்டினார்கள். அவர்களுடைய போர்டுக்கே அது பதிலாக அமைந்தது.

சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி போய்விடாது, கலப்பு மணமே உண்மையான மருந்து என்று அண்ணல் 1936-ல் எழுதினார். மதுரை மிஷன் சோறு வரை வந்தது. கார்ன்வாலில் மணத்தின் வாசலில் அதே போர்டு தடுமாறியது. பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கையிலேயே நின்றுவிட்டார்கள்.

வட்டுக்கோட்டைச் சமையற்கட்டு

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறாக இருந்தது. வட்டுக்கோட்டை விடுதிப் பள்ளியின் தொடக்க காலத்தில் மேல்சாதி மாணவர்கள் கிறிஸ்தவர் வளாகத்துக்குள் உண்ண மறுத்தார்கள். பக்கத்துக் காணியில், மிஷன் எல்லைக்கு வெளியே, அவர்களுக்கென்று சமையற்கட்டு அமைந்தது. மாணவர்களை இழக்கக் கூடாது என்று மிஷன் விட்டுக்கொடுத்தது. அந்தப் பள்ளிதான் 1823-ல் தொடங்கிய புகழ்பெற்ற செமினரியாக வளர்ந்தது. தமிழுக்கும் அறிவியலுக்கும் அது செய்தது ஏராளம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், அங்கே படித்தவர்கள்.

'கரோல்' என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்காவில் ஒருவர் ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்பி ஒரு மாணவரின் விடுதிச் செலவை ஏற்றால், தாம் விரும்பிய பெயரை அந்த மாணவருக்குச் சூட்டலாம். இப்படித்தான் கரோல்களும் நெவின்ஸ்களும் எவார்ட்ஸ்களும் யாழ்ப்பாணத்தில் உருவானார்கள். முன்னால் அமெரிக்கப் பெயர் வந்தது, பின்னால் 'பிள்ளை' அப்படியே இருந்தது. ஒரு கொடியைப் போலவே அந்தப் பெயரும் கடல் கடந்த உறவைக் காட்டியது, உள்ளூர் உறவைத் தொடவில்லை.

அதன் விளைவு நூறாண்டு கழித்தும் தெரிந்தது. 1920-களின் இறுதியிலும் யாழ்ப்பாணத்தின் உதவிபெறும் பள்ளிகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் பெஞ்சில். சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று 1929-30-ல் அரசு உத்தரவு வந்தபோது ஆதிக்கச் சாதியினர் மனுக் கொடுத்தார்கள், பிள்ளைகளை நிறுத்தினார்கள், சில பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள். செமினரியின் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்த ஹண்டி பேரின்பநாயகம் முன்நின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. மிஷன் விட்டுக்கொடுத்த இடத்தில் அதன் மாணவர்கள் போராட வேண்டியிருந்தது.

பாஸ்டனில் 1830-ல் ஒரு பெஞ்சு. யாழ்ப்பாணத்தில் 1930-ல் ஒரு பெஞ்சு. நடுவில் நூறு ஆண்டுகள், ஒரு பெருங்கடல்.

அந்தக் கொடியின் கீழே யார்?

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருவோம். ஏதோ ஒரு வெளிநாட்டு ஆலயத்தில் தொங்கும் மூவர்ணக் கொடி, இந்தியக் கிறிஸ்தவர் எல்லோரையும் ஒரே துணியால் போர்த்துகிறது. அந்தத் துணியை விலக்கினால், இந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி தலித்துகள். திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் பிரித்து நிற்கும் சுவருக்கு எதிராகத் தலித் கிறிஸ்தவர்கள் போராடியிருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் ஏறையூரில் 2008-ல் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன.

'கிறிஸ்தவத்தில் சாதி இல்லை' என்ற வாக்கியம் வெளிநாட்டு மேடையில் பெருமையாக ஒலிக்கலாம். அந்த வாக்கியத்தையே இந்திய அரசு தலித் கிறிஸ்தவருக்கு எதிராகப் பயன்படுத்துகிறது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியலில் ஏற்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். தேர்தலில் தனித் தொகுதி இல்லை, பட்டியல் சாதியினருக்கான இட ஒதுக்கீடு இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. மதத்தை ஒரு தகுதியாக வைக்கக் கூடாது என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு அதை ஏற்கவில்லை. ஆலயத்தில் சாதி இருப்பதால் ஒரு அடி, சாதி இல்லை என்று சொல்லப்படுவதால் இன்னொரு அடி. இரண்டையும் ஒரே முதுகு வாங்குகிறது.

அதனால்தான் கொடிகள் சொல்லாததைப் பேச வேண்டும் என்கிறோம். இந்தியாவின் பெயரால் நன்கொடை திரட்டும் சபைகளிடம் நம் இளைஞர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. உங்கள் பணத்தால் நடக்கும் பள்ளியிலும் கல்லூரியிலும் தலித் மாணவர் எத்தனை பேர், தலித் ஆசிரியர் எத்தனை பேர்? ஆயர் பதவியிலும் நிர்வாகக் குழுவிலும் யார் இருக்கிறார்கள்? கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? சாதியைப் பார்க்காமல் உங்கள் சபையில் நடந்த திருமணங்கள் எத்தனை? தலித் கிறிஸ்தவரின் பட்டியல் உரிமைக்காக நீங்கள் எப்போதாவது ஒரு தீர்மானம் போட்டீர்களா? ஹவாய் மக்களிடம் மன்னிப்புக் கேட்க நூறாண்டு ஆயிற்று. நம்மிடம் கேட்க இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்?

பாஸ்டன்காரர்களைக் கேட்பதோடு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. நம்மிடமும் கொடிகள் உண்டு. மாநாட்டுப் பந்தலில் எத்தனை மாவட்டத்திலிருந்து வந்தோம் என்று நாமும் எண்ணுகிறோம். நம் கூட்டத்தில் அருந்ததியர் தோழர் எங்கே உட்கார்கிறார், புதிரை வண்ணார் வீட்டுச் சோற்றை யார் உண்கிறார்கள், நம் உட்சாதிகளுக்குள் யார் யாரை மணக்கிறார்கள், பெண்கள் மேடையில் இருக்கிறார்களா அடுப்படியில் இருக்கிறார்களா என்று எண்ணுகிறோமா? காரிசனைப் பேச அழைத்துவிட்டு பிரின்ஸ்லிக்கு வாசலில் காவல் வைப்பது எந்தச் சபைக்கும், எந்த இயக்கத்துக்கும் நேரலாம்.

டிமத்தி கில்பர்ட் நாடு நாடாகப் போனவரில்லை. தம் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து நண்பருக்கு இடம் கொடுத்தார், அதற்காக வெளியேற்றப்பட்டார், வெளியே வந்து எல்லோருக்குமான பெஞ்சுகளைப் போட்டார். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, கொடி கட்டுவதற்கு முன்னால், நாற்காலிகள் எப்படிப் போடப்பட்டிருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.